காயின் யாருடையது? நான்கு நீதிமன்றங்கள், ஒரு கேள்வி

2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். வழக்கு சின்னதுதான். ஒரு முதலீட்டாளர் 2024 ஜனவரியில் வாசிர்எக்ஸ் செயலி மூலம் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின்கள் வாங்கியிருந்தார். ஆறு மாதத்தில் அந்த எக்ஸ்சேஞ்ச் ஹேக் ஆனது. எல்லார் கணக்கையும் போல அவருடைய கணக்கும் முடங்கியது. "திருடு போனது வேறு வகைக் காயின்கள். என்னுடையது அப்படியே இருக்கிறதே, அதை ஏன் முடக்குகிறீர்கள்?" என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

'கிரிப்டோவும் சொத்துதான், சென்னை நீதிமன்றம் அதிரடி' என்கிற ரீதியில் செய்திகள் வந்தன. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், சட்டம் படித்தவனில்லை. ஆனாலும் உத்தரவைப் பொறுமையாகப் படித்தபோது, தலைப்புச் செய்தியைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதற்குள் இருப்பது தெரிந்தது. சொத்து என்றால் யாருடைய சொத்து? காசு கொடுத்து வாங்கியவருடையதா, வாங்கிக் கொடுத்து வைத்திருக்கும் கம்பெனியுடையதா?

இதே கேள்வி சுமார் பத்து வருஷத்தில் டோக்கியோ, கிறைஸ்ட்சர்ச், நியூயார்க், சென்னை என்று நான்கு ஊர் நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது. நான்கும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. "கிரிப்டோ வாங்கணும், எந்த ஆப் நல்லது?" என்று கேட்கிற நண்பர்களிடம் நான் ஆப் பெயர் சொல்வதில்லை, இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

கடையே இல்லாத காலம்

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் பிட்காயின் பற்றிய கட்டுரை வெளியானது 2008 அக்டோபர் 31 அன்று. முதல் பிளாக் உருவானது 2009 ஜனவரி 3 அன்று. நடுவில் ஒரு வங்கியை நம்பாமல் ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாகப் பணம் அனுப்ப முடியணும், இதுதான் மொத்த யோசனையும். அப்போது பிட்காயின் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் அந்த மென்பொருளை ஓடவிட்டு நீங்களே மைனிங் செய்துகொள்ள வேண்டும், அல்லது வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். வந்த காயினுக்கான சாவி உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலில் இருக்கும். வாங்கும் இடம், வைக்கும் இடம் என்ற பேச்சே எழவில்லை.

2010 மே 22 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். இந்தச் சரக்குக்கும் ஒரு விலை உண்டு என்று தெரிந்ததும் கடை வந்துவிட்டது. ஜெட் மெக்காலெப் என்ற புரோகிராமர் அதே வருஷம் ஜூலையில் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சைத் தொடங்கினார். 'மேஜிக்' என்ற சீட்டு விளையாட்டின் கார்டுகளை ஆன்லைனில் விற்பதற்காக அவர் முன்னரே வாங்கிப் போட்டிருந்த இணைய முகவரி அது. அந்தப் பெயரே அந்த விளையாட்டின் சுருக்கம்தான்.

இங்கேதான் இரண்டு தொழில் ஒன்றாகக் கலந்தது. மவுண்ட் காக்ஸ் சந்தையாகவும் இருந்தது, லாக்கராகவும் இருந்தது. இன்று நம் மொபைலில் இருக்கும் அநேக செயலிகளும் அப்படித்தான்.

ஏட்டுச் சுரைக்காய்

கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம், பயப்பட வேண்டாம். பிட்காயின் எந்த போனுக்குள்ளும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஒரு பொதுக் கணக்கேடு, அதாவது பிளாக்செயின், அதில் இன்ன முகவரியில் இவ்வளவு காயின் என்று பதிவாகியிருக்கும். அந்த முகவரியிலிருந்து காயினை நகர்த்த ஒரு ரகசிய எண் வேண்டும். அதுதான் தனிச்சாவி. சாவி யார் கையில் இருக்கிறதோ அவரால்தான் காயினை நகர்த்த முடியும்.

எக்ஸ்சேஞ்சில் நீங்கள் ஒரு காயின் வாங்கும்போது பிளாக்செயினில் பெரும்பாலும் ஒன்றுமே நடப்பதில்லை. அந்தக் கம்பெனியின் டேட்டாபேஸில் விற்றவர் கணக்கில் ஓர் எண் குறைகிறது, உங்கள் கணக்கில் ஓர் எண் கூடுகிறது. அவ்வளவுதான். உண்மையான காயின் கம்பெனியின் பொது வாலட்டில், எல்லாருடையதும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. சாவி கம்பெனியிடம். செயலித் திரையில் நீங்கள் பார்ப்பது ஏட்டுச் சுரைக்காய். அது கறிக்கு உதவுமா என்பது அந்தக் கம்பெனியின் நாணயத்தைப் பொறுத்தது.

நம் ஊர் வங்கியிலேயே இந்த வேறுபாடு உண்டு. லாக்கரில் வைத்த நகை உங்களுடையது. வங்கி திவாலானாலும் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. பிக்சட் டெபாசிட் அப்படியில்லை. போட்ட நொடியில் அந்தப் பணம் வங்கியுடையதாகிவிடுகிறது. வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, அவ்வளவே. அந்தக் கடனுக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு இருப்பதால் நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. ஆகவே நாம் வைத்தது லாக்கரிலா, டெபாசிட்டிலா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

டோக்கியோ, 2015

மவுண்ட் காக்ஸை 2011 மார்ச்சில் மார்க் கார்ப்பெலஸ் என்ற பிரெஞ்சுக்காரர் வாங்கி, டோக்கியோவிலிருந்து நடத்தினார். அதே ஜூனில் ஒரு ஹேக் நடந்து, அந்தத் தளத்தில் விலை சில நிமிடங்களுக்கு ஒரு சென்ட் வரை விழுந்தது. "எங்களிடம் காயின் பத்திரமாக இருக்கிறது" என்று காட்ட அவர் 424,242 பிட்காயின்களை ஒரே பரிவர்த்தனையில் நகர்த்திக் காட்டினார். ஜனங்கள் சமாதானமானார்கள். அன்று இருந்தது உண்மை. அடுத்த வருஷமும் இருக்கும் என்பதற்கு அதில் என்ன ஆதாரம்?

2014 பிப்ரவரி 7 அன்று பிட்காயினை வெளியே எடுப்பது நிறுத்தப்பட்டது. 28 அன்று கம்பெனி நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. காணாமல் போனவை சுமார் 850,000 பிட்காயின்கள், அதில் 750,000 வாடிக்கையாளர்களுடையவை. பிறகு ஒரு பழைய வாலட்டில் சுமார் 200,000 கிடைத்தன.

வாடிக்கையாளர் ஒருவர், அது என் பிட்காயின், எனக்கே திருப்பித் தாருங்கள் என்று வழக்குப் போட்டார். 2015 ஆகஸ்டில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஜப்பானின் சிவில் சட்டப்படி உடைமை உரிமை என்பது கையால் தொடக்கூடிய பொருளுக்குத்தான், பிட்காயின் அப்படிப்பட்டதல்ல என்றது நீதிமன்றம். ஆக வாடிக்கையாளர்கள் பொருளுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, வெறும் கடன்காரர்கள், வரிசையில் நிற்க வேண்டியவர்கள். அவர்கள் கோரிக்கைக்குத் திவாலான 2014 ஏப்ரல் மாத விலை, ஒரு பிட்காயினுக்குச் சுமார் 50,000 யென், குறிக்கப்பட்டது. 2018இல் நடைமுறை மாற்றப்பட்டதால் காயினாகவே ஒரு பகுதி கிடைக்க வழி பிறந்தது. அந்தக் காயின்கள் கைக்கு வரத் தொடங்கியது 2024 ஜூலையில். பத்து வருஷம்!

கிறைஸ்ட்சர்ச், 2020

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் கிரிப்டோபியா என்றொரு எக்ஸ்சேஞ்ச். 2019 ஜனவரியில் ஹேக் ஆகி, மே மாதம் மூடப்பட்டது. எஞ்சிய காயின்கள் வாடிக்கையாளருக்கா, கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கா என்று கேள்வி எழுந்தது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்ற நீதிபதி ஜென்டால் சொன்ன தீர்ப்பு டோக்கியோவுக்கு நேரெதிர். கிரிப்டோ ஒரு சொத்து. கம்பெனி அதை வாடிக்கையாளர்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கும் அறங்காவலர். கடன்காரர்களுக்கு அதில் பங்கில்லை.

என் தொழிலுக்கு நெருக்கமான ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. கிரிப்டோபியாவில் வாடிக்கையாளருக்குத் தனித்தனி வாலட் இல்லை, எல்லாம் கலந்துதான் இருந்தது. யாருக்கு எவ்வளவு என்பது ஒரு எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் மட்டும் இருந்தது. அந்த டேட்டாபேஸையே நீதிபதி சான்றாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வகைக் காயினுக்கும் தனித்தனி பொறுப்பு என்றும் சொன்னார். அதாவது ஒரு வகைக் காயின் திருடு போனால் அதன் நஷ்டம் அந்த வகையை வைத்திருந்தவர்களோடு நிற்கும், மற்றவர்கள் தலையில் விடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சென்னையில் திரும்ப வரும்.

நியூயார்க், 2023

செல்சியஸ் என்ற அமெரிக்க நிறுவனம், காயினைக் கொடுத்து வைத்தால் வட்டி தருகிறோம் என்றது, சில காயின்களுக்கு 17 சதவீதம் வரை. 2022 ஜூன் 12 அன்று பணம் எடுப்பதை நிறுத்தி, ஜூலையில் திவால் மனு போட்டது. வட்டிக் கணக்குகளில் இருந்தது சுமார் 420 கோடி டாலர் மதிப்பு, கணக்குகள் சுமார் 6 லட்சம்.

2023 ஜனவரி 4 அன்று நீதிபதி மார்ட்டின் கிளென் அந்தக் காயின்கள் கம்பெனியுடையவை என்று தீர்ப்பளித்தார். காரணம், நாம் யாருமே படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டுகிற அந்த நீண்ட விதிமுறைகள். வட்டிக் கணக்கில் போட்டதும் உடைமை கம்பெனிக்கு மாறும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. அதே செயலியில் வட்டி இல்லாமல் வெறுமனே பாதுகாப்பில் வைத்திருந்தவர்களின் காயினில் ஒரு பகுதியைத் திருப்பித் தர அதே நீதிபதி முந்தைய மாதமே அனுமதித்திருந்தார். ஒரே கம்பெனி, ஒரே செயலி. எந்தப் பொத்தானைத் தட்டினீர்கள் என்பதில் லாக்கர் டெபாசிட்டாகிவிட்டது.

அப்படியானால் விதிமுறையில் 'காயின் உங்களுடையதே' என்று இருந்தால் போதுமா? எஃப்டிஎக்ஸின் விதிமுறையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் சொத்தை அதன் நிறுவனர் சாம் பேங்க்மன்-ஃபிரைட் தன் இன்னொரு நிறுவனமான அலமேடாவுக்குத் திருப்பிவிட்டிருந்தார். 2022 நவம்பர் 11 அன்று திவால் மனு போட்டபோது கொடுக்கக் காயின் இல்லை. அவருக்கு 25 ஆண்டு சிறை. வாடிக்கையாளர்களுக்கு அந்த நாளின் டாலர் மதிப்பில் பணம், பிட்காயின் ஒன்றுக்கு 16,871 டாலர். திட்டத்தை நீதிமன்றம் ஏற்ற 2024 அக்டோபரில் சந்தை விலை 60,000 டாலரைத் தாண்டியிருந்தது. தாளில் உரிமை இருந்து பெட்டியில் பொருள் இல்லாவிட்டால் நீதிமன்றத்தாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

சென்னை, 2025

இந்தியாவில் இந்தத் தொழில் நிழலிலேயே வளர்ந்தது. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ நிறுவனங்களுக்குச் சேவை தரக்கூடாது என்று வங்கிகளுக்குச் சொன்னது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022இல் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் வந்தன. 2023 மார்ச்சில் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டு, எக்ஸ்சேஞ்சுகள் எஃப்ஐயூ எனும் நிதிப் புலனாய்வு அமைப்பில் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. இந்தப் பதிவைப் பலர் அரசாங்க உத்தரவாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று கண்காணிப்பதற்கானது. உங்கள் காயினுக்கு அது காவல் இல்லை.

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23.5 கோடி டாலர், ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய், போனது. வட கொரிய ஹேக்கர்களின் வேலை என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் கூட்டாகச் சொல்லின. அந்த வாலட்டுக்கு ஆறு சாவி. ஐந்து வாசிர்எக்ஸ் ஆட்களிடம், ஒன்று லிமினல் என்ற பாதுகாப்பு நிறுவனத்திடம். பணம் நகர வாசிர்எக்ஸின் மூன்று கையெழுத்தும் லிமினலின் ஒன்றும் வேண்டும். வாசிர்எக்ஸ் தந்த விளக்கத்தின்படி, திரையில் தெரிந்தது ஒரு பரிவர்த்தனை, கையெழுத்தானது வேறொன்று. லிமினலோ தன் பக்கம் தவறில்லை என்றது. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனதும் இதே மாதிரி, திரையை ஏமாற்றித்தான்.

திருடு போகாத காயின்களும் முடக்கப்பட்டன. சிங்கப்பூரில் உள்ள தாய் நிறுவனம் அங்குள்ள நீதிமன்றத்துக்குப் போய், நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளருக்கும் பகிர்ந்தளிக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கியது. இந்த இடத்தில்தான் முதல் பத்தியில் சொன்ன வழக்கு. போன வாலட்டில் இருந்தவை எத்தீரியம் சார்ந்த டோக்கன்கள், எக்ஸ்ஆர்பி அதில் இல்லை. கிரிப்டோ சொத்துதான், அதை இன்னொருவருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்க முடியும் என்றது சென்னை. நியூசிலாந்துத் தீர்ப்பையும் துணைக்கு எடுத்துக்கொண்டது. சென்னை வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருப்பதால் இங்கே வழக்கை விசாரிக்கலாம் என்று சொல்லி, நடுவர் தீர்ப்பு வரும்வரை சுமார் 9.56 லட்சம் ரூபாய்க்குப் பாதுகாப்பு தரச் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் இது இடைக்காலப் பாதுகாப்பு, ஒரே ஒருவருக்கு. மற்றவர்கள்?

சாவியை நாமே வைத்துக்கொண்டால்?

'சாவி உன்னிடம் இல்லையென்றால் காயினும் உன்னுடையதில்லை' என்பது கிரிப்டோக்காரர்களின் வேதவாக்கு. அதற்கான கருவிகளும் வந்துவிட்டன. 2013இல் உருவான ஒரு தரநிலைப்படி, சாவியை 12 அல்லது 24 சாதாரண ஆங்கிலச் சொற்களாக எழுதி வைக்கலாம். 2,048 சொற்கள் கொண்ட பட்டியல், ஒவ்வொரு சொல்லும் முதல் நான்கு எழுத்திலேயே அடையாளம் தெரியும். அழகான வடிவமைப்பு! 2014இல் பிராகில் இருந்து டிரெசர் என்ற ஹார்டுவேர் வாலட் விற்பனைக்கு வந்தது. சாவி அந்தச் சின்னக் கருவியை விட்டு வெளியே வராது, கையெழுத்து மட்டும் வெளியே வரும்.

ஆனால் இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வேல்ஸ் நாட்டு நியூபோர்ட்டில் ஒருவரின் ஹார்டு டிஸ்க் 2013இல் குப்பையோடு போய்விட்டது. அதில் சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்ட அவர் வழக்கு 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. லெட்ஜர் என்ற ஹார்டுவேர் வாலட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2020இல் வெளியே கசிந்தன. சுமார் 2,72,000 பேரின் வீட்டு முகவரியும் அதில் இருந்தது. பிறகு சிலர் வீட்டுக்குத் தபாலில் போலிக் கருவியே வந்தது.

கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்ச் கதை இன்னொரு பக்கம். நிறுவனர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். கடவுச்சொற்கள் அவருக்கு மட்டுமே தெரியும் என்றார்கள். திறந்து பார்த்தால் வாலட்டுகள் காலி. பணம் முன்னரே போய்விட்டது, அது மோசடிதான் என்று 2020இல் ஒன்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் முடிவுக்கு வந்தது. அவரிடம் பணம் இருந்திருந்தாலும், சாவி ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் அவரோடு அது போய்விடும் என்பதும் உண்மைதானே.

அப்போ என்னதான் செய்யலாம்?

நான் முதலீட்டு ஆலோசகர் இல்லை. வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதினைந்து வருஷக் கதையிலிருந்து சில விஷயங்கள் தானாகவே தேறுகின்றன.

வாங்குவது வேறு, வைப்பது வேறு. வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியது எஃப்ஐயூ பதிவு, வரிக் கணக்கைச் சரியாகத் தருகிறார்களா, கம்பெனி எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது, தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம். முக்கியமாக, காயினை வெளியே எடுக்க விடுகிறார்களா? முதலில் ரொம்பச் சின்னத் தொகைக்கு வாங்கி, உங்கள் சொந்த வாலட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேரவில்லை என்றால் நீங்கள் வாங்கியது காயின் இல்லை, விலை ஏறி இறங்குவதைக் காட்டும் ஒரு ரசீது.

முன்பின் தெரியாதவரிடம் நேரடியாக வாங்கி விற்பது மலிவாகத் தெரியும். வருகிற பணம் வேறொரு மோசடியின் பணமாக இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கே முடங்கும்.

'ஏர்ன்', 'ஸ்டேக்கிங்' என்று வட்டி தரும் பொத்தானைத் தொடும் முன் அதற்கான விதிமுறையில் உடைமை என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடிப் படியுங்கள். செல்சியஸ்காரர்களுக்கு அந்த ஒரு பத்திதான் வினையானது. இருப்புக்கு ஆதாரம் என்று எக்ஸ்சேஞ்சுகள் வெளியிடும் அறிக்கையை நான் மதிக்கிறேன், ஆனால் கையிருப்பு மட்டும் காட்டி, கடன் எவ்வளவு என்று காட்டாத அறிக்கை 2011இல் நகர்த்திக் காட்டிய 424,242 காயின் மாதிரிதான்.

போனால் வலிக்கும் என்கிற தொகையைச் சொந்தச் சாவியில் வைக்கலாம். அந்தச் சொற்களைத் தாளில் எழுதணும், இரண்டு இடத்தில். போனில் போட்டோ எடுக்கவே கூடாது, தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். எந்தக் கஸ்டமர் கேரும் அந்தச் சொற்களைக் கேட்க வேண்டிய அவசியம் கிடையாது, கேட்டால் திருடன்தான். ஹார்டுவேர் வாலட்டைச் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய மனசும் நேரமும் இல்லாதவர், எக்ஸ்சேஞ்சிலேயே சின்னத் தொகையாக வைத்துக்கொள்வதில் தப்பில்லை. தெரிந்து எடுக்கும் ரிஸ்க் அது.

கடைசியாக ஒன்று. வீட்டில் மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ, இப்படி ஒன்று இருக்கிறது, தாள் இன்ன இடத்தில் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யணும் என்று சொல்லி வையுங்கள். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் காயினுக்காவது வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கலாம். சொந்தச் சாவி தொலைந்த காயினுக்கு நடக்க வாசலே கிடையாது. எந்த ஊர் நீதிபதி உத்தரவு போட்டாலும் பிளாக்செயின் அதைப் படிக்காது.